பாரசீக மருத்துவமும் பிசின் வகைகளும்

 

பெருங்காயம் இல்லாத சமையலறை நம்மிடையே அரிது. ஆயினும் அது ஒரு செடியின் வேரிலிருந்து வடிந்து உறையும் பால் என்பதையும், ஈரான், ஆப்கானிஸ்தான் நாடுகளின் வறண்ட மலைச்சரிவுகளிலிருந்தே அது பெரும்பாலும் நம்மை வந்தடைகிறது என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இத்தகைய பிசின்களைப் பாரசீக மருத்துவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மருந்தாகக் கையாண்டு வந்துள்ளனர்.

10ஆம் நூற்றாண்டில் ஹிராத்தைச் சேர்ந்த அபூ மன்சூர் முவஃப்பக் மருந்துப் பொருள்களைப் பற்றிப் பாரசீக மொழியிலேயே நூல் இயற்றினார். 980இல் புகாராவுக்கு அருகே பிறந்து 1037இல் ஹமதானில் மறைந்த இப்னு ஸீனா, தமது ‘அல்கானூன்’ நூலின் ஐந்து பாகங்களுள் இரண்டாவதைத் தனி மருந்துகளுக்கென்றே ஒதுக்கினார்.

பிசின்களுள் சில நீரில் ஊறிக் குழையும். சில நீரில் கரையா. சில இரு தன்மையும் கலந்தவை. ஸாக்ரோஸ் மலையின் முட்செடியைக் கீறினால் நாடா போல் வடிந்து காயும் ‘கதீரா’ முதல் வகை. இருமலுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் அதனை அளித்தனர். ரூமி மஸ்தகியை மென்று ஈறுகளுக்கு வலுவூட்டினர். வயிற்றுக்கும் அதுவே மருந்து. ‘குந்துர்’ எனும் சாம்பிராணியைச் சளிக்கும் மறதிக்கும் கொடுத்தனர். பெருங்காயத்தை வாயுவுக்கும் குடற்புழுவுக்கும் பயன்படுத்தினர்.

இவற்றினும் நாம் அறிய வேண்டியது அவர்களுடைய கட்டுப்பாடு. ஒவ்வொரு மருந்துக்கும் வெப்பம், குளிர்ச்சி, வறட்சி, ஈரம் என இயல்பு வகுத்து, நோயாளியின் உடற்கூற்றோடு ஒப்பிட்ட பின்னரே அளவை முடிவு செய்தனர். ஒரு மருந்தின் தீங்கை அடக்க ‘முஸ்லிஹ்’ எனும் திருத்தும் பொருளையும் சேர்த்தனர். கடும் பேதி மருந்துகளுடன் கதீராவைக் கலந்தது அதற்காகவே. மருந்தின் பெயரை மட்டும் கேட்டறிந்து வாங்கி உண்பது அவர்கள் வழியன்று.

நாமோ, “இயற்கைப் பொருள்தானே, என்ன செய்துவிடும்?” என்கிறோம். வயிற்று வலிக்காகப் பெருங்காயக் கலவை புகட்டப்பட்ட ஐந்து வாரக் குழந்தை ஒன்றின் இரத்தம், பிராணவாயுவைச் சுமக்கும் திறன் குன்றி ஆபத்துக்குள்ளானதை 1984இல் அமெரிக்க மருத்துவ ஏடு ஒன்று பதிவு செய்தது. பெருங்காயம் மாதவிடாயைத் தூண்டும் என அம்மருத்துவர்களே குறித்திருப்பதால், கருவுற்ற பெண்கள் அதனை மருந்தளவில் உண்ணலாகாது. ஊறிப் பெருகும் பிசினைப் போதிய நீரின்றி விழுங்கினால் தொண்டையோ குடலோ அடைபடக் கூடும்.

செடியின் நிலையையும் கருத வேண்டும். பெருங்காயச் செடி பல ஆண்டுகள் வளர்ந்து, வாழ்நாளில் ஒரே முறை பூத்து மடிவது. பூக்குமுன் அதன் வேரை வெட்டிப் பால் எடுப்பதால் அது விதை தராமலே அழிகிறது. எல்லாச் செடிகளையும் வெட்டிவிட்டால் அடுத்த தலைமுறைக்கு மருந்தும் இல்லை, செடியும் இல்லை. 2020 அக்டோபரில் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் இச்செடியை நட்டு வளர்க்கும் முயற்சி தொடங்கியது நல்ல செய்தி.

ஆகவே, உணவில் சேர்க்கும் சிட்டிகைக்குத் தடையில்லை. மருந்தாக உண்பதாயின் கற்றறிந்த மருத்துவரிடம் அளவு கேட்போம். கைக்குழந்தைக்கு எதையும் நாமாகப் புகட்டாதிருப்போம். முன்னோரின் மருந்தைப் போற்றுகிற நாம், அவர்களுடைய எச்சரிக்கையையும் போற்றுவோமாக.