பிரிந்தாலும் பிறப்பு மாறாது!

நான் காட்டுப்பாக்கத்துல இருந்து வர்றேன்.

"பாகம் பிரிஞ்ச பிறகு அண்ணன் என்ன, தம்பி என்ன? பழகுறவன்தான் சொந்தம்"னு எதிரணி சகோதரி சொன்னாங்க. நான் வானத்தையே சாட்சிக்குக் கூப்பிடுறேன்.

கார்த்திகைக் கூட்டம் பார்த்திருப்பீங்க. ஒரே மேகத்தில் பிறந்த நட்சத்திரங்கள். வயசு சுமார் 10 கோடி வருஷம்தான். அதான் இன்னும் கூட்டுக் குடும்பமா இருக்கு! (சிரிப்பு) நம்ம சூரியனுக்கு வயசு 460 கோடி வருஷம். அதுவும் இப்படி ஒரு கூட்டத்தில், ஆயிரக்கணக்கான உடன்பிறப்புகளோடு பிறந்திருக்கணும்னு விஞ்ஞானிகள் கருதுறாங்க. பால்வீதியைச் சுற்றிச் சுற்றி வந்ததுல குடும்பம் சிதறிப் போச்சு.

போனா போகட்டும்னு விட்டாங்களா? தேடுறாங்கய்யா! 2014-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்து இவான் ராமிரஸ் குழு 30 நட்சத்திரங்களை அலசினாங்க. ஒளியைப் பிரிச்சுப் பார்த்தா, அதுல என்னென்ன தனிமம் இருக்குன்னு தெரிஞ்சிடும். பேரியம், இட்ரியம் வரைக்கும் பார்த்தாங்க. அது போதாதுன்னு வயசைப் பார்த்தாங்க, வந்த வழியைப் பார்த்தாங்க. கடைசியில ஒண்ணே ஒண்ணு தேறுச்சு. 110 ஒளியாண்டு தூரம்! ஒரு ஒளியாண்டே சுமார் 9.5 லட்சம் கோடி கிலோமீட்டர்! 2018-ல் வேறொரு குழு, 184 ஒளியாண்டு தள்ளி இன்னொண்ணைச் சொன்னாங்க.

இதுல என்ன லாபம்னு கேட்பீங்க. சூரியனோட பிறந்த வீடு தெரிஞ்சா, நம்ம பூமியோட பூர்வீகம் தெரியும்.

இப்போ என் வீட்டுக்கு வர்றேன். ஒன்றரை அடிச் சுவருக்காக எங்க அப்பாவும் சித்தப்பாவும் 11 வருஷம் பேசலை. சித்தப்பா இருக்கிறது இதோ, ஆவடியில! போன வருஷம் அப்பாவுக்கு ரத்தத்தில் நோய். எலும்பு மஜ்ஜை மாத்தணும்னாங்க. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "யாரோட பழகுறீங்க?" இல்லை. "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" (கைதட்டல்)

சொல்லி அனுப்பினோம். அன்னிக்குச் சாயங்காலமே சித்தப்பா வந்து கையை நீட்டினார். நாலுல ஒரு வாய்ப்புதான். பொருந்தலை. ஆனா அவர் திரும்பிப் போகலை. ஆஸ்பத்திரி வராந்தாவுலயே படுத்துக்கிட்டார். இன்னிக்கும் அப்பாவுக்குச் சிகிச்சை நடக்குது. பக்கத்துல இருக்கிறது சித்தப்பாதான். மஜ்ஜை பொருந்தலை, பிறப்பு பொருந்துச்சு!

பேசாத அண்ணன் தம்பி யார் வீட்டில் இருந்தாலும், இன்னிக்கே சொல்லி அனுப்புங்க. அதுக்குத் தொலைநோக்கி வேண்டாம்.