ஒரே மொழி பேச வேண்டிய மின்மானிகள்



இந்தப் பேச்சை எந்த நிறுவனத்தார் செய்த வானொலிப் பெட்டியில் கேட்கிறீர்கள் என்று நாம் யாரையும் வினவுவதில்லை. நிலையம் ஒலிபரப்பினால் எந்தப் பெட்டியும் அதைப் பிடித்துத் தருகிறது. 1935-ஆம் ஆண்டில் மைசூரில் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி தம் சொந்த முயற்சியால் ஒரு சிறு நிலையத்தைத் தொடங்கினார். அதற்கு வழங்கிய ‘ஆகாசவாணி’ என்னும் பெயர் பின்னர் நாட்டின் வானொலிக்கே உரியதாயிற்று. அனுப்புவோரும் ஏற்போரும் ஒருவரையொருவர் அறியாமலே சேர்ந்து இயங்கும் இந்த வசதி தானாக விளைந்ததன்று. கருவி செய்வோர் அனைவரும் பொதுவான சில விதிகளுக்கு உடன்பட்டதால் விளைந்தது. அத்தகைய உடன்பாடு இன்று மின்சார வழங்கலிலும் தேவைப்படுகிறது. அது குறைந்தால் நம் வீட்டு விளக்கே அணைந்து போகக்கூடும். ஆகவே அதைப்பற்றிச் சிறிது சிந்திப்போம்.

மின்சாரத்தில் மைசூர் நாட்டுக்கு மூத்த இடம் உண்டு. 1902-ஆம் ஆண்டில், சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் எடுத்த மின்சாரம் ஏறக்குறைய 92 மைல் கடந்து கோலார் தங்கச் சுரங்கங்களை அடைந்தது. அச்சுரங்கங்களில் உழைத்தவர்களில் மிகப் பலர் தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்று குடியேறிய நம் மக்களே. 1905-இல் பெங்களூரும் 1908-இல் மைசூரும் மின்விளக்குப் பெற்றன. சிவசமுத்திரத்தில் முதலில் அமைத்த இயந்திரங்கள் விநாடிக்கு 25 சுழற்சியுள்ள மின்சாரத்தைத் தந்தன. பின்னர் நாடெங்கும் நிலைபெற்ற அளவோ 50 சுழற்சி. இரண்டும் நல்ல மின்சாரமே. எனினும் ஒன்றை மற்றொன்றுடன் நேரே இணைக்க இயலாது. தனித்தனியே குறைவற்ற இரண்டு பொருள்கள் ஒன்றுசேரும்போது பயனற்றுப் போகலாம் என்னும் பாடம் அக்காலத்திலேயே கிடைத்துவிட்டது.

இன்று அதே பாடம் வேறு உருவில் வந்திருக்கிறது. மீட்டர் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் மின்மானி முன்பு ஊமையாக இருந்தது. மாதம் ஒருமுறை ஆள் வந்து எண்ணைக் குறித்துச் சென்றார். புதிய மின்மானி பேசுகிறது. அரைமணிக்கோ கால்மணிக்கோ ஒருமுறை கணக்கைப் பதிந்து மைய நிலையத்துக்கு அனுப்புகிறது. மின்தடை நேர்ந்தால் அறிவிக்கிறது. அங்கிருந்து கட்டளை வந்தால் இணைப்பைத் துண்டிக்கவும் மீண்டும் சேர்க்கவும் செய்கிறது. இத்தகைய அறிவார்ந்த மின்கட்டமைப்பை முயன்று பார்க்க மத்திய மின்துறை அமைச்சகம் 2012-ஆம் ஆண்டையொட்டி 14 இடங்களைத் தேர்ந்தபோது, மைசூருவும் அவற்றுள் ஒன்றாயிற்று. சாமுண்டேசுவரி மின்சார வழங்கல் கழகத்தின் பொறுப்பில், வி. வி. மொகல்லாவை உள்ளிட்ட பகுதியில் 20,000-க்கு மேற்பட்ட இணைப்புகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. வீடும் கடையும் தொழிற்கூடமும் வயலுக்கு நீர் இறைக்கும் பம்பு செட்டும் அவற்றில் அடங்கின. அதன் பின், 2021-இல் மத்திய அரசு அறிவித்த திட்டம் நாடெங்கும் 25 கோடி முன்பண மின்மானிகளைப் பொருத்தும் நோக்குடையது.

இத்தனை கோடி மின்மானிகளை ஒரே நிறுவனம் செய்ய இயலாது, செய்யவும் கூடாது. ஒருவர் செய்த மின்மானி, மற்றொருவர் செய்த செய்திக் கருவி, மூன்றாமவர் எழுதிய கணினிக் கணக்கு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள வேண்டும். இதற்கெனத் தரங்கள் வகுக்கப்பட்டுள்ளன. மின்மானியின் அமைப்புக்கு 2015-இல் ஐ.எஸ். 16444 என்னும் இந்தியத் தரம் வெளிவந்தது. அது பேசும் மொழிக்கு ஐ.எஸ். 15959 என்னும் தரம் உண்டு. உலகின் பல நாடுகளில் வழங்கும் டி.எல்.எம்.எஸ். என்னும் பொது மொழியைத் தழுவியது அது. அம்மொழியில் ஒவ்வோர் அளவுக்கும் ஓர் எண் வரிசை பெயராக அமைகிறது. 1.0.1.8.0.255 என்றால், இதுவரை நாம் செலவிட்ட மொத்த மின்சாரம் என்று பொருள். எந்த நாட்டில் செய்த மின்மானிக்கும் அதுவே பொருள்.

தரத்தை வகுத்தபின் சோதனை எதற்கு என்று கேட்கலாம். ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இதன் விடை எளிதில் விளங்கும். கன்னட இலக்கணத்தை நன்கு கற்றுத் தேர்வில் வென்ற ஒருவர், மைசூருவின் தேவராஜ மார்க்கெட்டில் முதல் நாள் காய்கறி வாங்கச் சென்றால் திகைத்து நிற்பார். அவர் பேசுவதும் பிழையன்று, கடைக்காரர் பேசுவதும் பிழையன்று. ஆயினும் பேரம் நடக்கவில்லை. இலக்கணத் தேர்வு வேறு, சந்தைப் பேச்சு வேறு.

கருவிகளுக்கும் இவ்விரு தேர்வுகள் உண்டு. தரநூல் சொன்னபடி கருவி நடக்கிறதா என்று தனியே பார்ப்பது இணக்கச் சோதனை. வெவ்வேறு நிறுவனத்தார் செய்த கருவிகளை அருகருகே இணைத்து, ஒன்றின் செய்தியை மற்றொன்று சரியாக ஏற்றுச் செயற்படுகிறதா என்று பார்ப்பது கூட்டியக்கச் சோதனை. முதற்சோதனையில் தேறிய இரண்டு கருவிகள் இரண்டாவதில் தவறலாம். ஏனெனில் தரநூல் சிலவற்றைச் செய்வோரின் விருப்பத்துக்கு விடுகிறது. ஒருவர் ஒரு வழியைத் தேர்கிறார், மற்றவர் வேறு வழியைத் தேர்கிறார். மின்மானி வாட்மணியில் சொன்ன எண்ணைக் கணக்கு நிலையம் கிலோவாட்மணி என்று கொண்டால், கட்டணம் ஆயிரம் மடங்காகும்! செய்தி செல்லும் பாதையிலும் இச்சிக்கல் உண்டு. வானொலி அலை, மின்கம்பி, கைப்பேசி வலை ஆகியவற்றுள் எதையும் பயன்படுத்தலாம் என்பதால், ஒரே மொழி அறிந்த இரண்டு மின்மானிகள் ஒரே பாதையில் செல்ல இயலாமற் போகலாம்.

மைசூருவுக்கு அண்மையில், பெங்களூரில், 1960-இல் நிறுவப்பட்ட மத்திய மின்னாற்றல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மின்மானி சரியாக அளக்கிறதா, வெப்பத்தையும் மின்னதிர்ச்சியையும் தாங்குகிறதா என்பவற்றோடு, வகுத்த மொழியைச் சரியாகப் பேசுகிறதா என்பதையும் அங்கே சோதிக்கிறார்கள். இது பெரிய துணை. ஆனால் ஒருநாள் சோதனைக் கூடத்தில் பெற்ற சான்று என்றைக்கும் போதும் என்று கருதலாகாது. இக்கருவிகளின் உள்ளே இயங்கும் கணினிக் கட்டளைகள் அவ்வப்போது மாற்றப்படுகின்றன. மாற்றியபின் அது பழைய கருவியன்று. ஆகவே சான்றிதழ் எந்தப் பதிப்புக்கு உரியது, எந்த எந்தக் கருவிகளுடன் இணைத்துப் பார்த்துத் தரப்பட்டது என்பவை அதில் விளங்க வேண்டும். மாற்றம் நேர்ந்தால் சோதனையும் திரும்ப நடக்க வேண்டும்.

இதில் நமக்கு என்ன என்று இருந்துவிட முடியாது. கூட்டியக்கம் இல்லாவிடில், மின்சாரக் கழகம் முதலில் வாங்கிய நிறுவனத்திடமே என்றும் வாங்கியாக வேண்டும். அவர் சொன்னதே விலை. அந்த விலை முடிவில் நம் கட்டணத்தில் வந்து விழும். முன்பண முறையில் இன்னொரு துன்பமும் உண்டு. வாடகை வீட்டில் வாழும் ஒரு குடும்பம், பணம் தீர்ந்து விளக்கு அணைந்ததும் இரவில் பணத்தைக் கட்டிவிடுகிறது. பணம் வந்த செய்தி கணக்கு நிலையத்துக்குச் சேர்கிறது. ஆனால் இணைப்பைச் சேர்க்கும் கட்டளை மின்மானிக்கு விளங்கவில்லை. வீடு இருளிலேயே இருக்கிறது. குழந்தையின் படிப்பும் நோயாளியின் உறக்கமும் அந்த ஒரு கட்டளையைச் சார்ந்து நிற்கின்றன.

நாம் செய்யத்தக்கதும் சில உண்டு. புதிய மின்மானியில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தர எண்ணும் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். பொருத்தும் நாளில் பழைய மின்மானியின் இறுதி எண்ணைக் குறித்து வைக்கலாம். அளவில் ஐயம் எழுந்தால் முறையீடு செய்யலாம். 2024-இல் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளின்படி, ஐந்து நாட்களுக்குள் சரிபார்ப்பு மின்மானி ஒன்றைப் பொருத்திக் குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பல மொழியினர் வாழும் தெருவில் அண்டை வீட்டாருடன் இணங்கி வாழ, இலக்கணம் மட்டும் போதாது, பேசிப் பழகவும் வேண்டும் என்பதை நாம் அனுபவத்தால் அறிவோம். அந்த அனுபவத்தை மின்மானிகளுக்கும் தருவதே இச்சோதனையின் பயன். கருவிகள் தம்முள் பேசிப் பழகியதற்கு உறுதி கிடைத்தபின் அவை நம் வாசலுக்கு வரட்டும்.