பிறர் மனையில் விருந்துண்ணும் முறை
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குடும்பத்துப் பிள்ளைகள் கல்வியின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் அயல்நாடு செல்வது சாதாரணமாகிவிட்டது. அவர்களுக்கு ஊறுகாயும் பொடியும் கட்டிக் கொடுக்கிறோம். சென்றவிடத்துப் பந்தி முறையைச் சொல்லி அனுப்புவதில்லை. ஆகையால் ஜப்பான் தேசத்தை உதாரணமாகக் கொண்டு சில கூற விரும்புகிறோம்.

அந்நாட்டு வீடுகளில் பாதரட்சையை வாயிலிலேயே கழற்றிவிட வேண்டும். இது நமக்குப் புதிதன்று. ஆனால், நூடுல்ஸை அவர்கள் ஓசையெழ உறிஞ்சி உண்பதைக் கண்டால் நம்மவர் முகஞ்சுளிப்பர். அங்கே அது குற்றமன்று.

அப்படி முகஞ்சுளித்த நம்மவரே, உண்ணும் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டுவைப்பர். தம் குச்சியால் எடுத்த பண்டத்தை அடுத்தவர் குச்சிக்கு மாற்றுவர். உடனிருப்போர் திடுக்கிடுவர். ஏனெனில், குச்சி நட்ட சோறு இறந்தவர்க்குப் படைப்பது. தகனத்திற்குப்பின் எலும்பைக் குச்சியிலிருந்து குச்சிக்கு மாற்றிக் கலசத்தில் இடுவதும் அவர்கள் வழக்கம். நாம் விருந்தில் இலையை நம் பக்கமாகவும், துக்க வீட்டில் எதிர்ப்பக்கமாகவும் மடிக்கிறோமன்றோ? இதை அயலார் சொல்லாமல் எங்ஙனம் அறிவர்?

அண்டை நாடுகளுக்குள்ளும் வேற்றுமை உண்டு. ஜப்பானில் சோற்றுக் கிண்ணத்தைக் கையிலேந்தி உண்பது மரியாதை. கொரியாவிலோ அதை மேசையிலேயே வைத்துக் கரண்டியால் உண்பதே மரியாதை.

மரக்கறி உணவினர் ஒன்று கவனிக்க. ஜப்பானில் காய்கறி மாத்திரமே மிதக்கும் சாற்றிலும் உலர்ந்த மீன்சீவலின் சாரம் பெரும்பாலும் கலந்திருக்கும். "மாமிசம் வேண்டா" என்றால் போதாது. மீன்சாறும் வேண்டா என்று விளங்கச் சொல்லுதல் வேண்டும். பௌத்த ஆலயங்களின் 'ஷோஜின்' உணவில் மீனும் மாமிசமும் சேரா.

நாம் கையால் உண்பதைப் பிறர் நகைத்தால் நம் மனம் நோகின்றது. ஜப்பானியரும் 'சுஷி'யைக் கையால் எடுத்துண்பதுண்டு. எனவே, எந்த வழக்கத்தையும் காரணம் வினவுமுன் இகழலாகாது. தெரியாததைக் கேட்பது இழிவன்று. கேளாமல் நகைப்பதே இழிவு. ஒரு பிள்ளை பிறர் மனையில் செய்யும் பிழை அவனோடு நில்லாது. அவனை வளர்த்த வீட்டையும் சாரும். இதனைப் பெற்றோர் பயணத்திற்கு முன்பே சொல்லிவைப்பாராக.