கொம்பறை கற்பிக்கும் பாடம்
(மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பல்கலைக்கழகத்திலே விஞ்ஞானம் பயிலும் எம்மை, மன்னார் மண்ணுக்குப் பயன்தரும் பொருளொன்று பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். பெருநிலத்தின் நெல்லையும் தீவின் பனையையும் பற்றிச் சில வார்த்தைகள் கூற முன்வந்துள்ளோம்.

அருவியாற்று நீரைத் தேக்கத்திலே மறித்துக் கட்டுக்கரைக்குளத்துக்குத் திருப்பினார்கள் நம் முன்னோர். அந்நீரை நம்பியே காலபோக வெள்ளாண்மை நடைபெறுகின்றது. ஆனால், விளைந்தது முழுவதும் வீடு வந்து சேருகின்றதா?

முன்பு அரிவாளால் வெட்டி, சூடு வைத்து, பின்னரே நெல்லைப் பிரித்தார்கள். கதிர் காய்வதற்கு அவகாசம் கிடைத்தது. இன்று இயந்திரம் ஒரே நாளில் வெட்டி, அடித்து, மூடையாக்கி விடுகின்றது. அவ்வாறு வரும் நெல்லில் ஈரம் நூற்றுக்கு இருபதுக்கு மேலும் இருப்பதுண்டு. சேமித்து வைப்பதற்கு அது பதினான்குக்கு மேற்படலாகாது. இந்த வேற்றுமையிலேதான் நட்டம் ஒளிந்திருக்கின்றது. ஈர நெல் மூச்சுவிட்டுச் சூடேறுகின்றது; பூஞ்சணம் பிடிக்கின்றது; வண்டும் அந்தும் பெருகுகின்றன. களமில்லாதவர் தார் வீதியிலே காயப்போடுகின்றார். கடும் வெயிலில் திடீரெனக் காய்ந்து, இரவுப் பனியில் மீண்டும் நனையும் மணி உள்ளே வெடிக்கின்றது. ஆலையிலே அது குறுணலாகின்றது.

வீதியும் கிடைக்காதவர் கேட்ட விலைக்கு வயற்கரையிலேயே விற்றுவிடுகின்றார். சில மாதங்களின் பின் அவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடையிலே அரிசி வாங்க வேண்டியதாகின்றது. உழுதவன் தன் நெல்லைத் தானே விலைகொடுத்து வாங்குவதைவிட வேறு துன்பம் உண்டோ?

நம் ஊர்களிலே கொம்பறை என்றொன்று இருந்தது. காட்டுக் கம்புகளை வரிந்து பின்னி, களிமண்ணும் சாணமும் குழைத்துப் பூசி, நிலத்தில் முட்டாமல் உயர்த்தி அமைத்தார்கள். தனிமண் காய்ந்தால் வெடிக்கும். தனிக்கம்பு இடைவெளி விடும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும். இதனையே இன்று கூட்டுப்பொருள் என்கின்றனர். மிஷன் பாடசாலையிலே அச்சொல்லை ஆங்கிலத்திற் படித்தபோது ஆகாய விமானத்தை எண்ணி வியந்தோம். பாட்டனார் முற்றத்துக் கொம்பறை எமது நினைவுக்கு வரவேயில்லை. அந்த மறதியை இச்சபையிலே ஒப்புக்கொள்கின்றோம்.

நாரையும் பிசினையும் சேர்ப்பது புதுமையன்று. கிழக்கு ஜெர்மனியிலே 1957 முதல் 1991 வரை செய்யப்பட்ட டிராபாந்த் மோட்டார் வண்டியின் வெளித் தகடுகள், பஞ்சுக் கழிவையும் பீனோல் பிசினையும் அழுத்திச் செய்தவை. நம்மிடமோ பனந்தும்பு உண்டு, தென்னந்தும்பு உண்டு, வயலிலே எரிக்கப்படும் வைக்கோல் உண்டு, நெல்லின் எடையில் ஐந்திலொரு பங்காகிய உமியும் உண்டு. ஆனால் தாவர நார் நீரை உறிஞ்சி வீங்கும். அதன் மெழுகுப் படலம் பிசினை ஒட்டவிடாது. எரிசோடாக் கரைசலில் ஊறவைத்துக் கழுவி, நன்கு உலர்த்தினால் பிடிப்புக் கூடும். ஆயினும் பிசினுக்குப் பணம் வேண்டும். கடற்காற்றின் ஈரத்தையும் பொருள் தாங்க வேண்டும். இவற்றை மறைத்துப் பேசுதல் விஞ்ஞானமாகாது.

இன்னொரு படிப்பினையும் உண்டு. காய்கறிகளைச் சாக்கில் அடைத்து ஏற்றுவதால் நசுங்கி அழிகின்றன என்று, 2011ஆம் ஆண்டிலே பிளாஸ்டிக் கூடைகளைக் கட்டாயமாக்கினார்கள். நோக்கம் நல்லதே. கூடையின் விலையை யார் கொடுப்பது, வெறுங்கூடையை யார் திருப்பிக் கொண்டுவருவது என்று கேட்டு வியாபாரிகளும் விவசாயிகளும் எதிர்த்தார்கள். பயன்படுத்துவோரைக் கேளாமல் வரும் நன்மை வாசலிலேயே நின்றுவிடும்.

ஆகவே, நம் இளைஞர்கள் செய்யக்கூடியவை மூன்றைப் பணிவுடன் கூறுகின்றோம். முதலாவது, ஊருக்கொரு பொதுக் களமும், படங்குகளும், ஈரமளக்கும் கருவியொன்றும் அமைத்தல். இரண்டாவது, நன்றாகக் காய்ந்த நெல்லைக் காற்றுப் புகாத பைகளிலே கட்டி, எலி ஏறாத மேடையில் வைத்தல். உள்ளிருக்கும் பிராணவாயு குறையக் குறையப் பூச்சிகள் மடியும், மருந்து தேவையில்லை. மூன்றாவது, பனந்தும்பிலே சிறு பலகைகள் செய்து, நீரில் ஊறவைத்து நிறுத்தும், பாரந் தொங்கவிட்டும் சோதித்தல். அவை தேறினால், காய்கறிப் பெட்டியை இங்கேயே செய்து பார்க்கலாம்.

நீண்ட போரிலே எண்ணற்ற பனைகளை இழந்தோம். பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இருந்துவருகின்றது. ஆனால் தும்புக்கு நல்ல விலை கிடைத்தாலன்றோ மரத்தைத் தறிக்க மனம் வராது! நெல்லைக் காத்தால் கடன் குறையும். தும்பைப் பயன்படுத்தினால் பனை நிற்கும். கொம்பறையிலே கம்பும் களியும் சேர்ந்ததுபோல, முதியோரின் அனுபவமும் இளையோரின் கல்வியும் இப்பணியிலே சேர வேண்டும். வருகின்ற அறுவடைக்கு முன்னர் ஒரு களத்தையேனும் அமைப்போமாக.