நேற்று என்ன உண்டீர்கள்?



சென்ற ஓராண்டில் நீங்கள் கீரை உண்டது எத்தனை முறை? மாதம் ஒரு முறையா, வாரம் ஒரு முறையா, நாள்தோறுமா? இவ்வினா மிக எளியதாகத் தோன்றும். விடை கூற முற்பட்டால்தான் அதன் அருமை விளங்கும். கூட்டாக உண்டதையும், மசியலாக உண்டதையும் எண்ணிவிடலாம். அடையில் அரிந்து போட்டதை யார் நினைவு வைத்திருப்பார்? கீரை மலிவாகக் கிடைத்த மாதமும் உண்டு. கண்ணில் படாத மாதமும் உண்டு. பொய் கூறும் எண்ணம் சிறிதும் இல்லாதவரும் இங்கே தயங்கவே செய்வார்.

ஆயினும் இத்தகைய வினாக்களை அறிஞர் இலட்சக்கணக்கானவரிடம் கேட்டு வருகின்றனர். காரணம் வெளிப்படை. மாரடைப்பு, நீரிழிவு, புற்றுநோய் போன்றவை ஒரு நாள் உணவால் வருவன அல்ல. பல ஆண்டுப் பழக்கம் அவற்றோடு தொடர்புடையது. ஒருவர் இலைக்கு அருகில் அமர்ந்து, பரிமாறியதை எல்லாம் நிறுத்துப் பார்க்க ஒரு வாரம் இயலலாம். ஓர் இலட்சம் பேருக்கு இருபது ஆண்டுகள் இயலுமா? ஆதலால், உணவுப் பெயர்களை வரிசையாக அச்சிட்டு, ஒவ்வொன்றையும் எத்தனை முறை உண்கிறீர் என்று வினவும் முறை எழுந்தது. அமெரிக்க நாட்டில் 1976-இல் 1,21,700 பெண் செவிலியரைக் கொண்டு பேராய்வு ஒன்று தொடங்கப்பட்டது. 1980-இல் அவர்களுக்கு 61 உணவுகள் அடங்கிய வினாப்பட்டி ஒன்று அனுப்பப்பட்டது. இவ்வகை ஆய்வுகளின் முடிவுகளே, எந்தக் கொழுப்பு நன்று, எது தீது என்னும் அறிவுரைகளாக மருத்துவர் வாயிலாக நம் அடுக்களை வரை வந்து சேர்கின்றன. விடைகள் பிழையாயின் அறிவுரையும் பிழையாகும் அன்றோ? எனவே, வினாப்பட்டியையே முதலில் தேர்வுக்கு உட்படுத்த வேண்டியதாயிற்று.

அத்தேர்வில் இரண்டு கேள்விகள் உள்ளன. ஆசிரியப் பயிற்சி பெற்றோர் யாவரும் இவற்றை நன்கறிவர். ஒன்று நம்பகம், மற்றொன்று ஏற்புடைமை. ஒரே விடைத்தாளை ஒரு தேர்வாளர் இன்று திருத்தி 45 மதிப்பெண்ணும், அடுத்த மாதம் திருத்தி 65 மதிப்பெண்ணும் வழங்கினால் அம்மதிப்பீட்டில் நம்பகம் இல்லை. இனி, கணக்குத் தேர்வில் வினாக்களைக் கடுமையான நடையில் எழுதிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவன் எத்தனை முறை எழுதினாலும் ஏறத்தாழ அதே மதிப்பெண்ணே பெறுவான். ஆனால் அளக்கப்பட்டது அவனுடைய கணக்கறிவு அன்று, மொழியறிவு. இங்கே நம்பகம் உண்டு; ஏற்புடைமை இல்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வால்டர் வில்லட் என்பவரும் அவருடைய தோழர்களும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் புகழ் பெற்றது. பாஸ்டன் நகரப் பகுதியைச் சேர்ந்த செவிலியர் 173 பேர் வினாப்பட்டியை ஒரு முறை நிரப்பினர். ஓராண்டு கழித்து மீண்டும் நிரப்பினர். இடையில் நான்கு முறை, முறைக்கு ஒரு வாரமாக, தாம் உண்டவற்றை நாள்தோறும் அளந்து குறித்து வைத்தனர். 28 நாட்களையும் ஏன் ஒரே தொடராக வைக்கவில்லை? பருவம் மாறினால் உணவும் மாறும்; ஒரு மாத உணவு ஓராண்டின் உணவைக் காட்டாது.

முடிவு என்ன? இரண்டு அளவைகள் எவ்வளவு இணைந்து செல்கின்றன என்பதை ஒட்டுறவு எண்ணால் குறிப்பர். முழு இணக்கமாயின் 1. தொடர்பே இல்லையாயின் 0. முதல் முறை நிரப்பிய பட்டியையும் இரண்டாம் முறை நிரப்பிய பட்டியையும் ஒப்பிட்டபோது, சத்துக்கு ஏற்ப அவ்வெண் 0.49 முதல் 0.71 வரை அமைந்தது. நாட்குறிப்போடு ஒப்பிட்டு, மொத்தக் கலோரிக்கு ஏற்பத் திருத்தியபோது 0.36 முதல் 0.75 வரை அமைந்தது. நாட்குறிப்பின்படி மிகக் குறைவாக உண்ட ஐந்தில் ஒரு பங்கினரை எடுத்துக்கொண்டால், அவர்களில் நூற்றுக்கு 48 பேர் வினாப்பட்டியிலும் அதே கடைப் பிரிவில் இருந்தனர். 74 பேர் கடைசி இரு பிரிவுகளுள் அடங்கினர். அதாவது, மிகுதியாக உண்பவர் யார், குறைவாக உண்பவர் யார் என்று வரிசைப்படுத்த அப்பட்டி ஓரளவு உதவியது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். நால்வர் முறையே 2, 4, 6, 8 வாழைப்பழங்கள் உண்டு, 1, 2, 3, 4 என்று கூறினார்கள் என்று கொள்வோம். ஒட்டுறவு எண் முழுமையாக 1 தான். ஆனால் நால்வருமே பாதியை மறைத்துவிட்டனர்! ஒட்டுறவு வேறு, உடன்பாடு வேறு. இவ்வேறுபாட்டை வலியுறுத்தி, இரண்டு அளவைகளின் வித்தியாசத்தையே நேரில் கணக்கிட்டுப் பார்க்கும் முறையைப் பிளாண்ட், ஆல்ட்மன் என்னும் இருவர் 1986-இல் எடுத்துரைத்தனர்.

மற்றோர் இடர் இதனினும் நுட்பமானது. வினாப்பட்டியை நிரப்பியவரும் நாட்குறிப்பு எழுதியவரும் ஒருவரே. இனிப்பு உண்டதைக் கூற ஒன்றில் கூசுபவர் மற்றொன்றிலும் கூசுவார். தேர்வு அறையில் அருகருகே அமர்ந்த இருவரின் விடைகள் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால், விடை சரியானது என்று எந்த ஆசிரியரும் முடிவு செய்வதில்லை. வேறொரு சாட்சி வேண்டும். அச்சாட்சி மனிதனின் உடலே.

கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த நீரை ஒருவர் பருகுகிறார், அதனால் தீங்கில்லை. ஹைட்ரஜன் நீராக மட்டுமே உடலை விட்டு வெளியேறும். ஆக்சிஜனோ நீராகவும், கரியமில வாயுவாகவும் வெளியேறும். இரண்டும் குறையும் வேகத்தின் வித்தியாசத்தைக் கொண்டு, வெளிவந்த கரியமில வாயுவையும், அதிலிருந்து உடல் செலவிட்ட ஆற்றலையும் கணக்கிடலாம். எடை மாறாதிருப்பவர் செலவிட்ட ஆற்றலே அவர் உண்ட ஆற்றல். லிப்சன் என்பவரும் அவருடைய தோழர்களும் 1955-இல் சிறு விலங்குகளில் கண்ட இம்முறை, 1982-இல் மனிதருக்குப் பயன்படுத்தப்பட்டது. அவ்வாறே, ஒரு நாள் முழுதும் வெளியேறும் சிறுநீரிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு, உண்ட புரதத்தை மதிப்பிடலாம். சிறுநீர் முழுவதையும் சேகரித்தாரா என்று எவ்வாறு அறிவது? அதற்கும் வழி கண்டனர். சிறுநீரில் ஏறத்தாழ முழுதும் வெளிவந்துவிடும் ஒரு மருந்தை மாத்திரையாகக் கொடுத்து, அது முழு அளவில் திரும்பி வந்ததா என்று பார்ப்பர். சாட்சியையும் சோதிக்கும் இந்த விழிப்பு பாராட்டத்தக்கது.

1999-2000-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 484 ஆடவர் பெண்டிரை இவ்வாறு சோதித்தனர். முடிவு 2003-இல் வெளிவந்தது. வினாப்பட்டியில் ஆடவர் தாம் உண்ட ஆற்றலை நூற்றுக்கு 31 முதல் 36 பங்கு வரையும், பெண்டிர் 34 முதல் 38 பங்கு வரையும் குறைத்துக் கூறியிருந்தனர். நேற்றைய உணவை மட்டும் நேரில் வினவிய முறையில் அக்குறை சிறிது. ஆடவரிடம் 12 முதல் 14, பெண்டிரிடம் 16 முதல் 20. உடல் பருத்தவர்களே மிகுதியாகக் குறைத்துக் கூறும் போக்கும் காணப்பட்டது.

இதனால் விளையும் கேட்டைக் காண்போம். ஓர் உணவு உண்மையில் தீங்கு செய்கிறது என்று கொள்ளுங்கள். அதை மிகுதியாக உண்பவரில் பலர் குறைவாக உண்பவர் பட்டியலில் இடம் பெற்றுவிட்டால், நோயாளர் இரு பட்டியலிலும் கலந்து விடுவர். வேறுபாடு மங்கும், தீய உணவு தீங்கற்றதாகத் தோன்றும். நல்ல உணவின் நன்மையும் அவ்வாறே மறையும்.

அப்படியாயின் வினாப்பட்டிகளைக் கிழித்தெறிந்து விடலாமா? கூடாது. பிழையின் அளவு தெரிந்துவிட்டால், அதற்கேற்ப முடிவைத் திருத்தலாம். பிழை தெரியாத அளவுகோலே ஆபத்தானது. மேலும், கொழுப்புக்கும் காய்கறிக்கும் மேற்கூறியவை போன்ற உறுதியான உடற்சாட்சி கிடைக்கவில்லை; அங்கே மனிதரைத்தான் வினவ வேண்டியுள்ளது.

ஒரு நாட்டில் தேறிய பட்டி மற்றொரு நாட்டுக்குத் தானாகவே ஏற்புடையது ஆகாது. பாஸ்டன் நகரத்துப் பட்டி இட்டலியையும் சாம்பாரையும் அறியாது. சென்னை நகர மக்களுக்கென 222 உணவுகள் கொண்ட பட்டி ஒன்று தனியே ஆக்கப்பட்டு, அதன் சோதனை முடிவும் 2006-இல் வெளியிடப்பட்டது. நம் நாட்டில் மற்றொரு சிக்கலும் உண்டு. குழம்பை உண்பவர் ஒருவர். அதில் எவ்வளவு எண்ணெய் ஊற்றப்பட்டது என்பதை அறிந்தவர் சமைத்தவர். உண்டவரை மட்டும் கேட்டால் விடை முழுமை பெறாது.

மாணவச் செல்வங்களே, இன்ன உணவு இன்ன நோயைத் தடுக்கும் என்னும் செய்தியைப் பத்திரிகையில் படித்தால், மூன்று வினாக்களை எழுப்புங்கள். அவர்கள் உண்டதை எவ்வாறு அறிந்தனர்? அம்முறையை எதனோடு ஒப்பிட்டுச் சோதித்தனர்? ஒப்பிட்ட சாட்சி தனித்து நிற்பதா, அன்றி அதே வாயிலிருந்து வந்ததா?

உங்கள் வகுப்பிலேயே இதனைச் செய்து பார்க்கலாம். வாரத்தில் எத்தனை முறை பழம் உண்கிறோம் என்று ஒவ்வொருவரும் இன்றே ஒரு தாளில் எழுதி, மடித்து, ஆசிரியரிடம் ஒப்படையுங்கள். பிறகு நான்கு வாரங்கள் உண்டதை அன்றன்றே குறித்து வாருங்கள். வார முடிவில் நினைவிலிருந்து எழுதலாகாது. ஒரு மாதம் கழித்துத் தாளைப் பிரித்து, இரண்டு எண்களையும் அருகருகே எழுதுங்கள். அவற்றின் வித்தியாசத்தைக் கண்டு வெட்கப்பட வேண்டியதில்லை. அதனைக் கணக்கிடுவதே உங்கள் வேலை.