சீட்டு தர்றது கேம்ப் இல்ல, சான்றிதழ்!

(மாவட்ட மாணவர் அணிப் பயிலரங்கில் நமது தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். ப்ளஸ் டூ பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் பகிருங்கள்.)



மேடையில அண்ணன்கள் பெரிய அரசியல் பேசிட்டாங்க. நான் பேசப்போறது சின்ன விஷயம். ஆனா நன்றாகப் படித்து, நன்றாக விளையாடும் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இதுதான் பெரிய விஷயம்.

அந்த வீட்டுக்கு லீவு நாள்ல ஒரு வாட்ஸ்அப் வரும். "கல்லூரி கோச்சுகள் நேரில் வந்து தேர்வு செய்யும் சிறப்பு முகாம். ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட் உறுதி." அப்பா அம்மா கணக்கு போட ஆரம்பிச்சிடுவாங்க. அனுப்பலாமா, வேண்டாமா?

எங்க வீட்டுல அனுப்பினாங்க. நான் வாலிபால் செட்டர். ப்ளஸ் டூ படிக்கும்போது அஞ்சு நாள் முகாம், ஆறாயிரம் ரூபாய். அப்பா கடன் வாங்கித்தான் கட்டினார். கடைசி நாள் வரைக்கும் எந்தக் கல்லூரி கோச்சும் வரல. கையில ஒரு கலர் சர்டிபிகேட் கொடுத்தாங்க. அதே வாரத்துலதான் வருவாய் மாவட்டப் போட்டி. நான் இல்லாம எங்க பள்ளி டீம் ரெண்டாவது ஆட்டத்துலயே வெளிய வந்துடுச்சு. அதுல ஜெயிச்சிருந்தா மாநிலப் போட்டி. அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. கலர் சர்டிபிகேட்டுக்கு இல்ல. பணம் போனது கூட பரவாயில்ல, தோழர்களே. டீம்ல இருந்த மத்த பசங்களோட வாய்ப்பும் என்னால போச்சே, அதுதான் இன்னும் உறுத்துது.

அதனால முதல்ல ஒண்ணைத் தெளிவாப் புரிஞ்சுக்கோங்க. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் இருக்கு. எம்.பி.பி.எஸ்.-க்கு 7 இடம்தான். இதை எந்த முகாமும் எடுத்துக் கொடுக்க முடியாது. விண்ணப்பத்துல உங்க விளையாட்டுச் சான்றிதழ்களை ஏத்தணும். அதைச் சரிபார்த்து, தகுதிப்படி தரவரிசை போட்டு, பொதுக் கலந்தாய்வுக்கு முன்னாடியே இடம் ஒதுக்குறாங்க. "நான் பேசி வாங்கித் தர்றேன்"னு ஒருத்தர் சொன்னா, அவர் உங்ககிட்ட பொய் சொல்றார்.

ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல 2024-25 கல்வியாண்டில் இருந்து விளையாட்டுச் சாதனையாளர் சேர்க்கை வந்திருக்கு. ஒவ்வொரு இளநிலைப் படிப்புக்கும் கூடுதலா 2 இடம், அதுல ஒண்ணு பெண்களுக்கு. அங்கேயும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு ரேங்க் பட்டியல்ல பேர் வரணும், தேசிய அல்லது சர்வதேசப் பதக்கம் இருக்கணும். படிப்பும் வேணும், பதக்கமும் வேணும்.

அப்போ எல்லா முகாமும் வீணா? இல்ல. ரெண்டு இடத்துக்குக் கண்டிப்பா போகணும்.

ஒண்ணு, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தன்னோட விளையாட்டு விடுதிகளுக்காக நடத்துற தேர்வு. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் கிடைக்கும். பக்கத்துப் பள்ளியில படிப்பும் தொடரும். பள்ளி வயசுலயே போகணும்.

ரெண்டாவது, தனியார் கல்லூரிகள் தங்கள் மைதானத்துலயே நடத்துற ட்ரயல்ஸ். இங்க முடிவெடுக்கிற ஆளே எதிர்ல நிக்கிறார். கட்டணச் சலுகை, ஹாஸ்டல் இலவசம்னு பல இடத்துல தர்றாங்க. மார்க் நல்லா இருக்கிற பிள்ளைகள் இங்க பயப்படாமப் பேசலாம். இதையெல்லாம் கேளுங்க: நான் கேட்கிற பிரிவுல இடம் உண்டா? சலுகை நாலு வருஷத்துக்குமா, வருஷா வருஷம் மாறுமா? எழுத்துல தருவீங்களா? போட்டிக்குப் போனா ஓ.டி. உண்டா? லேப் தேர்வு தவறினா மறுபடி வைப்பீங்களா? கால்ல அடிபட்டு விளையாட முடியலன்னா என் ஃபீஸ் என்ன ஆகும்? கடைசிக் கேள்விக்குப் பதில் வரலன்னா, ரெண்டு தடவை யோசிங்க.

இன்னொரு வழியும் இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. கட் ஆஃப் நல்லா இருந்தா பொதுக் கலந்தாய்வுலயே பிடிச்ச பிரிவை எடுத்துடுங்க. சேர்ந்த பிறகு கல்லூரி டீமுக்கு ஆடுங்க. அண்ணா பல்கலைக்கழகத்துல மண்டலப் போட்டிகள் நடக்குது. அங்க இருந்து பல்கலைக்கழக அணி, அதுக்கப்புறம் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி வரைக்கும் பாதை இருக்கு. நான் அப்படித்தான் ஆடினேன். அடிபட்டாலும் அந்த சீட்டை யாரும் பறிக்க முடியாது.

"படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு கிரவுண்டு?"ன்னு கேட்கிறவங்களுக்கு ரெண்டு பேரைச் சொல்லுங்க. அஸ்வின் எஸ்.எஸ்.என். கல்லூரியில பி.டெக். ஐ.டி. படிச்சவர். காஞ்சிபுரத்துத் தங்கை துளசிமதி முருகேசன், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில படிச்சுக்கிட்டே 2024 பாரிஸ் பாராலிம்பிக்ல பாட்மின்டன் வெள்ளி வாங்கினவர்.

கடைசியா, நம்ம வேலை என்ன?

தனியார் கேம்ப் விளம்பரம் ஒவ்வொரு போனுக்கும் வந்துடுது. அரசு நடத்துற இலவசத் தேர்வோட தேதி, கிராமத்துப் பள்ளி நோட்டீஸ் போர்டுக்கு வந்து சேர மாட்டேங்குது. அந்த இடைவெளியிலதான் இவங்க காசு பார்க்கிறாங்க. ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் தேர்வுத் தேதி முன்கூட்டியே போகணும், வெளியூர்ல இருந்து வர்ற பிள்ளைக்குப் பயணப்படி தரணும். இது நம்ம கோரிக்கை.

கோரிக்கை நிறைவேறுற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். கிளைக்கு ஒரு தோழர் போதும். தேர்வு அறிவிப்பு வந்த அன்னைக்கே ஊர் குரூப்புல போடுங்க. உடற்கல்வி ஆசிரியரைப் போய்ப் பாருங்க. விண்ணப்பம் போடத் தெரியாத பிள்ளைக்குப் பக்கத்துல உட்கார்ந்து சான்றிதழை ஸ்கேன் பண்ணி ஏத்திக் கொடுங்க. அந்தப் பிள்ளை எந்தக் கட்சி வீட்டுப் பிள்ளைன்னு கேட்காதீங்க.

எங்க அப்பா கட்டின அந்த ஆறாயிரம் கடைசியா இருக்கட்டும்.