மல்லனுக்கு எஞ்சியது



மாமல்லபுரத்தைப் பற்றிப் பேசுவோர் கல்லைப் பற்றியே பேசுவர். அப்பெயருக்குள் இருக்கும் மல்லனைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன். மல்லன் என்பான் மற்போர் செய்பவன். மாமல்லன் என்பது முதலாம் நரசிம்மவர்மன் கொண்ட பட்டம். அரசர்க்கு எத்தனையோ பட்டங்கள் இருக்க, உடம்பை உடம்பால் வெல்பவனின் பெயரை ஒரு பல்லவப் பேரரசன் விரும்பி ஏற்றான். மகாபலிபுரம் என்று சொல்லும்போது நாம் இழப்பது அதனைத்தான்.

மற்போரில் முதுகு மண்ணைத் தொட்டவன் தோற்றவன். இதனை மனத்திற்கொண்டு, அவன் பேரன் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேட்டைப் பாருங்கள். பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய போர்களில் தோற்றோடிய புலிகேசியின் முதுகைப் பட்டயமாகக் கொண்டு, அதில் வெற்றி என்னும் சொல்லை நரசிம்மன் எழுதினான் என்கிறது அது. மணிமங்கலம் நம் செங்கற்பட்டிலிருந்து தொலைவில் இல்லை. 642இல் வாதாபி வீழ்ந்தது அதன் தொடர்ச்சி. செப்பேட்டை யாத்த வடமொழிப் புலவர் மல்லப் பட்டத்தை எண்ணியே முதுகைத் தேர்ந்தார் என்பது என் ஊகம்.

உடம்பிற் பழகிய கலை உடம்போடு போய்விடும். பிறர் உடம்பில் ஊன்றினால்தான் பிழைக்கும். ஜப்பானியரான கிரான் ஹமாடா 1975இல் மெக்சிகோ சென்று, அந்நாட்டாரின் தாவிப் பாயும் மற்போர் முறையைப் பயின்றார். 1990இல் தம் நாட்டில் அம்முறைக்கென்றே ஓர் அமைப்பைத் தோற்றுவித்தார். 2025இல் அவர் மறைந்தபோது அப்பாய்ச்சல் அங்கே இளையோர் பலரிடம் வாழ்ந்துகொண்டிருந்தது. அவருடைய மகளிர் இருவரும் மல்லரே. மாமல்லன் பிடித்த பிடியையோ, போட்ட பூட்டையோ செப்பேடு பேசவில்லை. அர்ச்சுனன் தபசு எனப்படும் பாறையிலும் தவம் இருக்கிறது. கதையில் அதன்பின் வரும் மற்போர் இல்லை.

ஆனால் அவனுக்குப் பல நூற்றாண்டு முற்பட்ட ஒருவனின் பிடி நமக்குத் தெரியும். போர்வைக் கோப்பெருநற்கிள்ளி, சோழன் தித்தனின் மகன். தந்தையோடு பகைத்துப் பிரிந்தவன். ஆமூர் மல்லனோடு அவன் பொருததைப் புறநானூற்றில் சாத்தந்தையார் பாடுகிறார். ஒரு கால் எதிரியின் மார்பை அழுத்த, மறுகால் அவன் செய்யும் உபாயத்தைத் தடுத்துப் பின்புறம் நிற்கிறது. பயில்வான் ஒருவர் கேட்டாலும் பிடி விளங்கும். அதே பாட்டில், மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் தித்தன் இதனைக் காண வேண்டும் என்கிறார் புலவர். மற்போர்ப் பாட்டு அவ்விடத்தில் தந்தை மகன் பாட்டாகிவிடுகிறது.

கிள்ளியைக் காதலித்த நக்கண்ணையார் காட்டுவது கூட்டத்தை. வென்றான் என்கின்றனர் ஒருசாரார். இல்லை என்கின்றனர் ஒருசாரார். (தொலைக்காட்சி மற்போர் காண்போரிடமும் இவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.) அவரோ சிலம்பு ஒலிக்க ஓடிவந்து, தம் வீட்டுப் பனைமரத்தைச் சார்ந்து நின்று பார்க்கிறார். அவர் கண்டது அவன் வெற்றியை. அரங்கில் இறங்காத ஒரு பெண்ணின் சாட்சியால் நிற்கிறது அவ்வெற்றி.

நம் கவிஞர்கள் கடற்கரைக் கோயிலைப் போதுமான அளவு பாடிவிட்டார்கள். அதுவும் மாமல்லன் எடுப்பித்ததன்று. அவன் கொள்ளுப்பேரன் இராசசிம்மனுடையது. அடுத்த கவியரங்கில் யாரேனும் மல்லனைப் பாடுங்கள். கேட்க முதல் வரிசையில் இருப்பேன்.